மாலுமியாரின் முதல் நோன்பு

என் வீட்டில் ஓர் இனாமல் பேசின் இருக்கிறது. வெள்ளை நிறம், ஓரத்தில் நீலக் கோடு, அடியில் ஒரு ரோஜாப்பூ. பூவில் பாதி தேய்ந்துபோய்விட்டது. ஓரத்தில் ஓர் இடத்தில் இனாமல் பெயர்ந்து, கறுப்பாக ஒரு வடு விழுந்திருக்கிறது. என் மருமகள் ஒருமுறை அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். நான் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்த பிறகுதான் அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. "அந்த வடு ஒரு கூழைக்கடா கொத்தினது" என்றேன். கூழைக்கடா என்றால் என்ன என்று கேட்டாள். அலகுக்குக் கீழே பெரிய தோல்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்மாய்களில் மீன் பிடித்துத் தின்னும் பறவை என்று கையை விரித்துக் காட்டினேன். அதை வீட்டுக்குள் வைத்து வளர்த்தோம் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் பார்த்ததிலும் தப்பில்லை.

பேசின் சாச்சியுடையது. சாச்சி என்றால் என் உம்மாவின் தங்கை. கல்யாணமான கையோடு அவர் கணவர், எங்கள் சாச்சா, கொழும்புக் கடைக்குத் திரும்பிவிட்டார். அங்கிருந்து ஆள் மூலமாக அவர் அனுப்பிய முதல் சாமான் இந்தப் பேசின். எங்கள் கடற்கரை ஊரில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டிலேயே இருப்பார்கள். ஆண்கள்தான் கப்பலேறிப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். அதனால் உம்மா, பெரியம்மா, சாச்சி என்று அக்கா தங்கைகள் எல்லாரும் ஒரே வீடு. பிள்ளைகள் என்று பெரியம்மா மகன், நான், என் தங்கை. பெரியம்மா மகனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்களவர்களிடையே அண்ணனுக்கு அதுதான் பெயர். சாச்சிக்கு அப்போது இருபது வயது இருந்தால் அதிகம். அவர் சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். "பொம்பளப் புள்ள சிரிப்பா இது?" என்று உம்மா கடிந்துகொள்வார். அதைக் கேட்டு சாச்சி இன்னும் ஒரு சுற்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அந்த வீடு வெறும் சுவர்தான்.

ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். தை மாதத்தில் ஒரு நாள் காலை, எங்களுக்கு விறகு கொண்டுவரும் வண்டிக்காரர் விறகோடு ஒரு சாக்கையும் இறக்கினார். சாயல்குடிக்கு உள்ளே தள்ளி, ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி அவர். சாக்குக்குள்ளிருந்து முதலில் ஒரு அலகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் பறவை வந்தது. சாம்பல் நிறம், ஒரு இறக்கை தொங்கியது, காலில் நாய் கடித்த காயம்.

"கூட்டுல இருந்து விழுந்துருச்சு தாயி. நாயி கவ்விருச்சு. எங்க ஊருல இதுகளை யாரும் தொட மாட்டோம், எங்க புள்ளைக மாதிரி. ஆனா அறுப்பு நேரம், எங்கன வச்சுப் பாக்குறது? மீனு கிடைக்கிற ஊரு உங்க ஊரு. தேத்திக் குடுங்க. கண்மாய் வத்துறதுக்குள்ள கொண்டாந்து விட்டாப் போதும். தண்ணி வத்துனா இதுக கூட்டமாக் கிளம்பிரும். கூட்டத்த விட்டா இது தனியாப் பொழைக்காது."

உம்மா வாயைத் திறப்பதற்குள் சாச்சி சாக்கை வாங்கிவிட்டார். சாச்சா அனுப்பிய பேசினில் தண்ணீர் ஊற்றி அதன் முன்னால் வைத்தார். "வாயில்லாச் சீவன், பாவம்" என்று பெரியம்மா இரக்கப்பட்டார். "வாயில்லாச் சீவனா? இதுக்கா?" என்று சாச்சி சிரிக்க ஆரம்பித்தார். கப்பலைவிட்டு இறங்கிய ஆள்போல அது சாய்ந்து சாய்ந்து நடந்ததால் மாலுமி என்று பெயர் வைத்தோம். மரியாதையாக 'மாலுமியார்'.

சாச்சிக்குப் பறவை வளர்ப்பு பற்றி ஒன்றும் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காயத்துக்கு மஞ்சள் வைத்தது சரி. தொங்கிய இறக்கையை, வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் பழைய வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்து உடம்போடு சேர்த்துக் கட்டியதும் சரி. ஆனால் சிறகு வறண்டிருக்கிறதே என்று, எங்கள் தலைக்கு வைப்பதுபோல அதற்கும் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டார். மாலுமியார் சிறகெல்லாம் ஒட்டி, குளித்த கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றார். அரப்புத் தூளைக் கரைத்து அதைக் கழுவி எடுப்பதற்குள் சாச்சி பாதி நனைந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு எதைச் செய்வதற்கு முன்னும் யாரிடமாவது கேட்டார். மீன்காரப் பெண்மணியிடம் கேட்டார். விறகு வண்டிக்காரரிடம் கேட்டார். காக்காவை மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பிக் கேட்டார். கெளுத்தி மீன் ஆகாது, அதன் முள் பையைக் கிழித்துவிடும். சாளையும் காரலும் நல்லது. மீனைத் தலைப்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும், வால்பக்கமாகக் கொடுத்தால் செதில் தொண்டையில் மாட்டும். கருவாடு கூடவே கூடாது. கல்தரையில் நின்றால் பாதம் புண்ணாகும், மணல் கொட்டிவிட்டு, பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் தெரிந்துகொண்ட அன்றைக்கே நாங்களும் தெரிந்துகொண்டோம். பேசினில் மீன் இல்லாமல் வெறும் தண்ணீர் மட்டும் இருந்ததைக் கண்டு மாலுமியார் ஒருநாள் கோபத்தில் கொத்தியதுதான் அந்த வடு.

எங்களுக்கு முதலில் அது விளையாட்டுச் சாமான். காக்கா அதன் முதுகில் தங்கையை ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டான். சாச்சி திட்டவில்லை. மறுநாள் காலை எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே நீங்கதான் டாக்டருங்க" என்று வேலையைப் பங்கு போட்டார். இறக்கையும் காலும் காக்காவுக்கு. பை தங்கைக்கு. கண் எனக்கு. கண்ணோடு எச்சமும் எனக்கு. நான் அழுதேன். "ஏம்புள்ள அழுவுற? உள்ள என்ன நடக்குதுன்னு அதுதான் சொல்லும். அதுதான் பெரிய டாக்டர் வேல" என்றார். அந்தப் பெருமையை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. ஆனால் அது வெள்ளையும் கறுப்புமாக இருந்தால் நல்லது, பச்சைத் தண்ணீராகப் போனால் கெட்டது என்று என்னால் தூரத்திலிருந்தே சொல்ல முடிந்தது.

பை பார்ப்பது தனி அழகு. சாச்சி மாலுமியாரை மடியில் அணைத்து, முற்றத்து வெயிலுக்கு நேராக அலகைத் தூக்கிப் பிடிப்பார். வெயில் பட்டதும் அந்தத் தோல்பை மருதாணி பிடித்த உள்ளங்கை மாதிரிச் சிவந்து ஒளிரும். உள்ளே மெல்லிய நரம்புகள் கிளை கிளையாகத் தெரியும். முள் குத்தியிருந்தாலும் செதில் ஒட்டியிருந்தாலும் கறுப்பாகத் தெரிந்துவிடும். தங்கைக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. தொடுவதற்கு முன் சலாம் சொல்ல வேண்டும், திடீரென்று கை வைத்தால் அது பயப்படும் என்று சாச்சி அவளுக்குச் சொல்லியிருந்தார். அவள் எதிரே நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முழு சலாமும் சொல்வாள். மாலுமியார் வாயை அகலத் திறப்பார். சோதனை முடிந்தால் மீன் வரும் என்று அவருக்குத் தெரியும். தங்கை மட்டும் அது பதில் சலாம் என்று நினைத்தாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

எல்லாம் முடிந்ததும் சாச்சி தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" ஒன்றுமில்லை என்று சொன்னால் விட மாட்டார். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். நேற்றைவிட இன்று அழுத்திக் கால் ஊன்றினார், நேற்றைவிடக் கண் தெளிவு, நேற்று இரண்டு மீன் மிச்சம், இன்று ஒன்றும் மிச்சமில்லை என்று ஏதாவது கொண்டுவந்தால்தான் எங்களுக்குக் காலைப் பசியாற இடியாப்பம். அது நோகுது என்று சொல்லாது, நாமதான் பாக்கணும் என்பார்.

விறகு வண்டிக்காரர் வரும்போதெல்லாம் கண்மாயின் செய்தியும் வரும். தண்ணி கழுத்தளவு கிடக்கு என்றார். அப்புறம் இடுப்பளவு என்றார். மாலுமியாரின் கட்டை அவிழ்த்தாயிற்று. காக்கா மொட்டை மாடியில் கைகளை இறக்கைபோல அடித்துக்கொண்டு ஓட, அவன் பின்னால் மாலுமியாரும் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடுவார். ஒரு முழம் எழும்புவார், விழுவார். அவர் பறப்பது முந்துமா, தண்ணீர் வற்றுவது முந்துமா என்பதுதான் எங்கள் மூவருக்கும் அந்த வருஷத்துக் கவலை. அந்த நேரம் பார்த்து ரமலான் வந்தது.

எங்கள் ஊரில் பிள்ளைகள் பிடிக்கும் முதல் நோன்பு பெரிய கொண்டாட்டம். புதுத்துணி, கழுத்தில் மல்லிகை மாலை, சாயங்காலம் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து வாழ்த்துவார்கள். காக்காவுக்கு அந்த வருஷம் முதல் நோன்பு. வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் பட்டினி, காக்காவும் பட்டினி, மாலுமியார் மட்டும் நடு முற்றத்தில் நின்று சாளை மீனை விழுங்கிக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று எங்களுக்குத் தோன்றியது. அவரும் இந்த வீட்டுப் பிள்ளைதானே? எங்கள் சபை கூடித் தீர்மானித்தது: மாலுமியாருக்கும் முதல் நோன்பு. அன்று சாச்சிக்கு அடுப்படி வேலை தலைக்கு மேல். காலைச் சோதனையை நாங்களே முடித்துக்கொண்டோம், மீனைப் பூனைக்குப் போட்டோம். மாலுமியார் பேசினைக் கொத்திக் கொத்திப் பார்த்தார். "பொறுமையா இருக்கணும்" என்று தங்கை அவருக்கு உபதேசம் செய்தாள். காக்காவின் மாலையிலிருந்து ஒரு முழம் வெட்டி அவர் கழுத்தில் போட்டோம்.

பொழுது சாய்ந்தது. நோன்பு திறக்கச் சொல்லிப் பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது. எல்லாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்த அதே நேரத்தில், நாங்கள் தூக்குவாளியிலிருந்த நோன்புக் கஞ்சியை மாலுமியாரின் வாயில் ஊற்றினோம். ஆட்டுக்கறியும் இஞ்சி பூண்டும் ரம்பை இலையும் போட்ட கெட்டிக் கஞ்சி. பை புடைத்தது. மாலுமியார் ஒரு நொடி யோசித்தார். அப்புறம் தலையை உதறினார். வாழ்த்த வந்திருந்த மாமிமார்களின் வெள்ளைத் துப்பட்டிகள் முழுக்கக் கஞ்சி. அன்றைக்கு அந்த முற்றத்தில் எழுந்த கூச்சலில் யார் எதற்குக் கத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

மறுநாள் காலை அதிர்ஷ்டம் தீர்ந்துவிட்டது. மாலுமியார் மூலையில் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். தங்கை சலாம் சொன்னாள். வாய் திறக்கவில்லை. திரும்பச் சொன்னாள். திறக்கவில்லை. மீனைக் காட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. எச்சம் பச்சைத் தண்ணீர். சாச்சி வந்து எப்போதும்போல, "நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். நான் கையை நீட்டி எச்சத்தைக் காட்டினேன். "ஏலே, நேத்து என்ன தின்னாரு?" என்று காக்காவிடம் கேட்டார்.

"நோன்பு புடிச்சாரு சாச்சி" என்றான் காக்கா.

சாச்சி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்குத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். "இங்கன வாங்க மூணு பேரும். நோய்க்காரவங்களுக்கு நோன்பு இல்ல. பயணக்காரவங்களுக்கும் இல்ல. இவரு நோய்க்காரரும்தான், பயணக்காரரும்தான். படைச்ச ரப்பு இவருகிட்ட நோன்பு கேக்கவே இல்ல. நீங்க ஏன் கேட்டீங்க?" என்றார். நாங்கள் மூவரும் ஓவென்று அழுதோம்.

அலகைப் பிடித்து வெயிலுக்குத் தூக்கியபோது, பையின் அடியில், தொண்டைக்குப் பக்கத்தில், கறுப்பாக ஏதோ தெரிந்தது. கஞ்சியில் கிடந்த கறியின் எலும்புத் துண்டு. கூரான பக்கம் தோலில் ஏறியிருந்தது. சாச்சி கை விட்டுப் பார்த்தார். வளையலைக் கழற்றிவிட்டும் பார்த்தார். தொண்டைப் பக்கம் இடம் குறுகல், அவர் கை போகவில்லை. பெரியம்மா, "விடு புள்ள, அதுக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்றார். சாச்சி என் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"பை ஒன் பொறுப்புல்ல? எடுக்கிறியா?"

தங்கை அலகின் நுனியில் இருந்த கொக்கியைப் பார்த்தாள். "பயமா இருக்கு சாச்சி."

"அவருக்கும் பயமாத்தான் இருக்கு. எனக்கும் பயந்தான். எல்லாருமாப் பயந்துக்கிட்டே செய்வோம்."

சாச்சி அலகை விரித்துப் பிடித்தார். காக்கா இறக்கைகளை அணைத்துக்கொண்டான். நான் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது மூடினால் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. தங்கை முதலில் சலாம் சொன்னாள். அப்புறம் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாள். மாலுமியார் ஒருமுறை உதறினார். அவள் கையை எடுக்கவில்லை. வெயிலில் அந்தச் சிவந்த பைக்குள் அவளுடைய குட்டி விரல்கள் நகர்வது வெளியிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. அப்படியொரு காட்சியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எலும்போடு கை வெளியே வந்தபோது சாச்சி போட்ட சத்தம் தெருவுக்கு மட்டுமில்லை, கடற்கரைக்கே கேட்டிருக்கும். அன்றைக்கு மட்டும் உம்மா கடிந்துகொள்ளவில்லை.

ஆறவைத்த வெந்நீரால் பையைக் கழுவினோம், நிழலில் வைத்தோம். மறுநாளும் அவர் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் காலை தங்கை சலாம் சொன்னதும் வாய் மெதுவாகத் திறந்தது. அவள் வீடெல்லாம் ஓடி, தொழுதுகொண்டிருந்த பெரியம்மாவையும் விடாமல், எல்லாரிடமும் சொன்னாள். பெருநாளுக்குள் மாலுமியார் மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தார். வண்டிக்காரர் வந்து, தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு, பாதிப் பறவை கிளம்பிருச்சு என்றார்.

பெருநாள் முடிந்த கையோடு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம். கண்மாயில் நடுவில் மட்டும் தண்ணீர். கருவேல மரங்களில் மிச்சமிருந்த பறவைகள். கரைமேல் வைத்து எங்கள் கடைசிச் சோதனையை ஒழுங்காக முடித்தோம். காக்கா இறக்கையை விரித்துப் பார்த்தான், நான் கண்ணைப் பார்த்தேன், மற்றதையும் பார்த்தேன், தங்கை பையைப் பார்த்தாள். சாச்சி வண்டித் திரைக்குள்ளிருந்து, "என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். "ஒண்ணுமே இல்ல சாச்சி" என்றோம். முதல்முறையாக அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொண்டார்.

மாலுமியார் சாய்ந்து சாய்ந்து கரையிறங்கினார். தண்ணீரைத் தட்டித் தட்டி ஓடினார். எழும்பினார். ஒரு முழம், ஒரு பனை உயரம், அப்புறம் மேலே வட்டமடித்த கூட்டத்தில் எது அவர் என்று தெரியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு சாச்சி கரையில் குதித்துவிட்டார். துப்பட்டி நழுவியதுகூடத் தெரியாமல் அண்ணாந்து நின்றார். பயணம் போகிறவர்கள் முன்னால் அழக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சாச்சாவைக் கப்பலேற்றிய அன்றுகூட அவர் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை. சிரித்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வண்டிக்காரர், "அடியாத்தி, என்னா சிரிப்பு!" என்று தானும் சேர்ந்துகொண்டார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் இழந்ததில்லை.

போன வருஷம் சாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் பிள்ளைகள் துபாயில் இருக்கிறார்கள். அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். தங்கை அடுத்த தெருதான், தினமும் வருவாள். காக்காவும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார். யாரும் பேசி வைக்கவில்லை. காக்கா கையையும் காலையும் மடக்கி நீட்டிவிடுவார், தங்கை ஊட்டிவிடுவாள், பாதத்தில் புண் வராமல் நான் அந்தப் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக் கால் நனைப்பேன். கண்ணைப் பார்ப்பதும் நான்தான். மற்ற வேலையும் வழக்கம்போல எனக்கே வந்து சேர்ந்தது. ஊட்டியபின் விழுந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கிவிடும், விரல் விட்டு எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கையின் விரல்தான் அதற்குச் சரி. எல்லாம் முடிந்ததும் நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை என் மருமகள் தினமும் கேட்பாள்.

இந்த ரமலானின் முதல் நாள் காலை சாச்சி வாயை இறுக மூடிக்கொண்டார். கஞ்சி, மாத்திரை, தண்ணீர் எதற்கும் திறக்கவில்லை. மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். கெஞ்சினேன். காக்கா அதட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை. அவர் கண் சன்னல் வழியாகப் பள்ளிவாசல் பக்கமே இருந்தது. அப்போதுதான் தங்கை உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலுக்கு எதிரே நின்று முழு சலாம் சொன்னாள்.

"நோய்க்காரவங்களுக்கு நோன்பு இல்ல சாச்சி. ரப்பு கேக்காததை நீங்க ஏன் குடுக்குறீங்க?"

சாச்சி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார். கட்டிலடியில் இருந்த பேசினைப் பார்த்தார். கண்ணில் ஒரு மினுக்கம் வந்தது. கண் என் பொறுப்பு, அதனால் நான்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் வாயைத் திறந்தார், ஊட்டிக்கொள்ளத் திறப்பதுபோல அல்ல. தலையை அண்ணாந்து, கோணிய வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாக, அசல் மாலுமியாரைப்போலவே திறந்தார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத சத்தம். தெருவுக்குக் கேட்டிருக்கும்.

என் மருமகள் அடுப்படியிலிருந்து பதறி ஓடிவந்து, "என்ன மாமி, என்ன ஆச்சு அவங்களுக்கு? நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள்.

"சிரிச்சாங்க" என்றோம் மூவரும்.